ரோஸின் பாதி

சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ரோஸ் முணுமுணுக்கிறார். அவர் இப்போதுதான் எழுந்த நாற்காலியில் நாகேஸ்வரன் சார் உட்கார்ந்து, ஒற்றை விரலால் கீபோர்டில் எழுத்துத் தேடுகிறார். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. வெள்ளையடிப்பு, ஓர் ஆணித்துளை, மழை ஒழுகிய தடம். ரோஸ் அதையே பார்க்கிறார். முணுமுணுப்பது பாறசாலைப் பக்கம் அவருடைய சபையில் ஞாயிற்றுக்கிழமை பாடும் பாட்டு. வார்த்தை வெளியே வராது, ராகம் மட்டும் மூக்கு வழியே வரும். சார் அடித்து முடித்ததும் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார். பாட்டு அந்த இடத்திலேயே அறுந்து நிற்க, ரோஸ் திரும்புவார்.

"ஆச்சா சாரே?"

"ஆச்சும்மா."

அடுத்த கம்ப்யூட்டர். மறுபடி ரோஸ் உட்கார்வார், எழுவார், சுவருக்குத் திரும்புவார். விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடரும்.

கிழக்கேகோட்டையில் பஸ்கள் வந்து திரும்பும் இடத்துக்கு எதிரே, ஜவுளிக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருக்கிறது அந்த ஹால். மற்ற நாட்களில் அங்கே கம்ப்யூட்டர் வகுப்பு. தேர்வு நாட்களில் அதே கம்ப்யூட்டர்களில் வேலைத் தேர்வு எழுத ஊர் ஊராக ஆட்கள் வருவார்கள். நான் அங்கே கண்காணிப்பாளன். பேசக்கூடாது, படிக்கக்கூடாது, போன் கூடாது. பின்சுவர் ஓரம் நின்று பார்க்க மட்டும் செய்யலாம். எனக்குப் பொருத்தமான வேலை. அங்கே நின்று நான் அதிகம் பார்த்தது, கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ரோஸைத்தான்.

வகுப்பு நாளில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கில் தனக்கான எண்ணைத் தானே வாங்கிக்கொள்ளும். தேர்வு நாளில் அது செல்லாது. இந்த நாற்காலிக்கு இந்த எண் என்று நிலையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எண் இருந்தால்தான் தேர்வு சர்வர் உள்ளே விடும். இல்லையென்றால் அங்கே உட்கார்ந்தவருக்கு அன்றைக்குத் தேர்வு இல்லை. எண்களை மாற்ற ரோஸ் சில வரிகளில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறார். ஓட்டினால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்து, ஏதோ எழுதிக்காட்டி, மூடிக்கொள்ளும். எண் மாறியிருக்கும். ஆனால் நெட்வொர்க்கைத் தொடுகிற காரியத்தை விண்டோஸ் எல்லாருக்கும் விட்டுக்கொடுக்காது. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்ட வேண்டும். சும்மா இரட்டைக் கிளிக் செய்தாலும் கறுப்பு ஜன்னல் வரும், போகும், எதுவும் மாறியிருக்காது. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு என்று சொன்னதும் திரை முழுக்க மங்கிவிடும். நடுவில் ஒரு பெட்டி எழுந்து கேட்கும்: இது இந்தக் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்யப்போகிறது, சம்மதமா? நாமெல்லாம் கேள்வி முழுதாக எழும் முன்பே ஆம் என்று அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவர்கள். ரோஸ் அந்த இடத்தில் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். பெட்டியில் இருக்கும் கோப்பின் பெயரை உதடு அசையப் படிப்பார். ஸ்கிரிப்ட் அவர் எழுதியது, பெயரும் அவர் வைத்தது. இருந்தாலும் படிப்பார். முதல் வரிசையின் முதல் மெஷினில் படித்த அதே முகத்தோடு கடைசி வரிசையின் கடைசி மெஷினிலும் படிப்பார்.

"மரியாதையா கேக்குதுல்லா, மக்களே. கேக்கும்போ கையி சும்மா இருக்கணும்" என்று ஒருமுறை ஷிஜுவிடம் சொன்னார்.

ஷிஜு ஹாலின் பொறுப்பாளன். இளவயது, எதிலும் அவசரம், பேச்சில் பாதி மலையாளம். "சேச்சி, அது சாஃப்ட்வேர். அதுக்கு எந்துக்கு மரியாத?"

"அதுக்கு வேண்டாம். எனக்கு வேணும்."

சம்மதம் சொல்ல பாஸ்வேர்டு வேண்டும். அது நீளமானது. முன்பாதி ரோஸுக்கு மட்டும் தெரியும், பின்பாதி தேர்வு மேற்பார்வையாளர் நாகேஸ்வரன் சாருக்கு மட்டும். மேலே இருந்து வந்த ஏற்பாடு அல்ல இது. வேலைக்குச் சேர்ந்த அன்று முழுதையும் கொடுத்தார்கள்; ரோஸ் பாதிக்கு மேல் வாங்கவில்லை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எல்லா பாஸ்வேர்டும் அவரிடம்தான் இருந்தனவாம். ஒருநாள் அங்கே ஏதோ அழிந்துபோயிற்று. அழித்தது வேறொருவர் என்று பின்னால் தெரிந்துவிட்டது.

"ஆனா அது தெரியுத வரைக்கும் எல்லாரும் என்னைப் பாத்தாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல்ல, கேட்டியா. பாத்தாங்க. எனக்கு அது மதி, அது போதும்."

அன்றாட வேலைக்கு ரோஸ் உட்கார்வது வகுப்புப் பிள்ளைகளின் சாதாரணக் கணக்கில்தான். அவருடைய மேசைக் கம்ப்யூட்டரில் கொஞ்ச காலம் கடிகாரம் பிந்தி ஓடியது. அதைத் திருத்தவும் அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டும். இவ்வளவு சின்னக் காரியத்துக்கு வயசான மனிதரை நடக்கவைப்பானேன் என்று அந்தப் பிந்திய நேரத்தோடேயே வேலை பார்த்தார். மணி கேட்டால் திரையைப் பார்த்து, மனதுக்குள் கூட்டி, சரியாகச் சொல்வார்.

வீட்டிலும் இதே கதை. லேப்டாப்பின் பாஸ்வேர்டில் பாதி ரோஸிடம், பாதி கணவர் சுவாமிதாஸிடம். அவர் வாழைக்குலை வியாபாரி, லேப்டாப்பைத் துடைக்கக்கூடத் தொடாதவர். மகள் ஒரு பிரிண்டர் வாங்கி வந்த சமயம் பார்த்து அவருக்குத் தன் பாதி மறந்துபோயிற்று. பிரிண்டர் அட்டைப்பெட்டியோடு மூலையில் கிடந்தது. மகள் கோபத்தில் அதன்மேல் பூந்தொட்டி வைத்தாள்.

"அம்மைக்கு வேற வழி தெரியாதா?"

"தெரியும்."

"பின்னே?"

"அப்பாக்கு ஓர்மை வரட்டு."

ஒருநாள் சந்தையில் ஏத்தங்குலை ஏலத்தில் நிற்கும்போது சுவாமிதாஸுக்கு ஓர்மை வந்தது. ஏலத்தை அப்படியே விட்டுவிட்டு, மறுபடி மறக்கும் முன்னே வீட்டுக்கு ஓடிவந்தாராம். "அந்த மனுஷன் வேர்த்து ஒழுகிட்டு வந்து நிக்காரு. கல்யாணத்தன்னைக்குக்கூட அவருக்கு அவ்வளவு வெப்ராளம் இல்ல" என்று சொல்லும்போது மட்டும் ரோஸ் வாய்விட்டுச் சிரிப்பார்.

மற்றபடி ஆள் சத்தமே காட்டாதவர். நாற்பதைத் தாண்டியிருப்பார். பருத்திச் சுடிதார், தோளில் பின் குத்திய துப்பட்டா, இடது மணிக்கட்டில் சுற்றிய கைக்குட்டை. மதியம் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும். மூடியில் ஒரு பங்கு எடுத்து ஷிஜு பக்கம் தள்ளுவார்: "தின்னுட்டு சண்ட போடு." என் பையிலிருந்த கவிதைப் புத்தகத்தை ஒருநாள் புரட்டிப் பார்த்தார். "இதென்ன, ஒரு வரியில ரெண்டு வார்த்ததான் கெடக்கு? பாக்கி இடம் யாருக்கு விட்டிருக்கு?" அவர் பதிலுக்குக் காத்திராமல், பக்கத்தின் வெள்ளையை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நாகேஸ்வரன் சார் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் வீடு. முழங்காலில் வலி. நல்ல மனிதர், ஆனால் எழுத்தைச் சொல்லாமல் அவருக்கு டைப் செய்ய வராது. "கே... கே எங்க போயிடுத்து... ம், இங்க இருக்கியா... யூ..." அவர் வந்த சில நாட்களிலேயே அவருடைய பாதி ஹாலில் எல்லாருக்கும் மனப்பாடம். ஷிஜுவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டீ கொண்டுவரும் சிபி அண்ணனுக்கும் தெரியும். வீட்டில் மாமியைக் கூப்பிடும் செல்லப் பெயர், பின்னால் வீட்டு எண். அதை வைத்து யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது. முன்பாதி இல்லாமல் அது வெறும் மாமியின் பெயர்தான். முன்பாதியோ ரோஸின் விரல்களுக்குள் இருந்தது. அந்த விரல்கள் பேசாதவை.

சென்ற மாதம் ஒரு தேர்வு. மெஷின்களை எல்லாம் மாற்றி முடித்துவிட்டு ரோஸ் சர்வர் அறைக்குள் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கடைசி வரிசை மூலையில் இருந்த கம்ப்யூட்டர் அணைந்துபோயிற்று. ஆட்கள் உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள். ஷிஜு ஸ்டோரிலிருந்து வேறொன்றைத் தூக்கி வந்து மாட்டினான். ஸ்கிரிப்டை அதில் போட்டான். அவசரத்தில் இரட்டைக் கிளிக் செய்தான். கறுப்பு ஜன்னல் வந்தது, போயிற்று. ஷிஜு நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டான்.

அந்த மூலை நாற்காலிக்கு உரியவள் திவ்யலட்சுமி. பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து வருகிறவள். காலை பஸ் வழியில் வித்துராவிலேயே பழுதாகி நின்றுவிட, அங்கிருந்து யாருடைய ஜீப்பிலோ தொற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். கீழே கேட்டை மூடும் நேரம். சாலையைக் கடந்து ஓடிவரும் பெண்ணைப் பார்த்துவிட்டு, அங்கே நின்ற நாகேஸ்வரன் சார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூடவிடாமல் நின்றாராம். "நீ ஓடும்மா, மூணாம் மாடி. நான் மெள்ள வரேன்." லிஃப்ட் அன்று ஓடவில்லை.

அவள் வந்து உட்கார்ந்தபோது மற்றவர்கள் முதல் கேள்வியில் இருந்தார்கள். அவள் திரையில் மட்டும், இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, எனக்கு மட்டும் வரல." ஹால் டிக்கெட்டை நீட்டினாள். "இந்த வருசத்தோட எனக்கு வயசு முடியுது அண்ணே. அடுத்த தடவ எழுத விடமாட்டாங்க."

தேர்வு தொடங்கிச் சற்று நேரம் வரைதான் சர்வர் புதிதாக யாரையும் உள்ளே விடும். பிறகு கதவு தானாக மூடிக்கொள்ளும். அதை யார் கெஞ்சினாலும் திறக்க வழியில்லை. நான் கையை உயர்த்தினேன். ரோஸ் வந்து குனிந்து பார்த்தார்.

"இது கிளாஸ் நம்பர்லா."

ஷிஜு முன்வரிசையிலிருந்து ஓடிவந்தான். "ஞான் ஓட்டினேன் சேச்சி. கறுப்பு ஜன்னல் வந்துச்சு, போச்சு."

"செரி. வெப்ராளப்படாத." அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை.

திவ்யலட்சுமி எழுந்து பக்கத்தில் நிற்க, ரோஸ் உட்கார்ந்தார். திரை மங்கியது, பெட்டி எழுந்தது. ரோஸ் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோப்பின் பெயரை உதடு அசையப் படித்தார். அந்த நேரத்திலும் ஓர் எழுத்தைக்கூடத் தாண்டாமல் அவர் படித்து முடித்ததை நான் பார்த்தேன். பிறகு தன் பாதியை அடித்துவிட்டு எழுந்தார்.

"சார் எங்க?"

"ஸ்டெப்புல" என்றார் வாசலில் கெட்டிலோடு நின்ற சிபி அண்ணன். "ரெண்டு படி ஏறி ஒரு படி நிக்காரு."

ஷிஜு நாற்காலியைப் பிடித்தான். "சேச்சி மாறுங்க, நான் அடிக்கேன்."

"எதை?"

"சாரோட பாதி. எனக்கு அறியாம், தெரியும்." பின்பு, தயங்கி, "எல்லாருக்கும் அறியாம்" என்றான்.

ரோஸ் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். சிபி அண்ணனைப் பார்த்தார். அவரும் கெட்டிலோடு தலையாட்டினார். ரோஸின் முகத்தில் வந்தது நடிப்பில்லாத திகைப்பு. பின்வரிசைச் சுவரோரம் நிற்கிற என் காதில்கூட விழுந்த அந்த எழுத்துகள், அவருக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் சொல்லப்பட்டும் அவர் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை. முணுமுணுப்பை இத்தனை நாளும் நான் பக்தி என்று நினைத்திருந்தேன். அது காதுக்குப் போட்ட தாழ்ப்பாள்.

"தெரிஞ்சிருக்கது வேற, தந்திருக்கது வேற, மக்களே."

"சேச்சி, அந்தக் கொச்சுப் பெண்ணுக்கு வயசு போவும்!"

"அதான் ஓடுதேன்."

மணிக்கட்டுக் கைக்குட்டையை அவிழ்த்துக் கீபோர்டின்மேல் விரித்துவிட்டு ரோஸ் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. நானும் பின்னால் போனேன். 'அமைதி காக்கவும்' என்று பலகை தொங்கும் வராந்தாவில், மாடிப்படிக் கைப்பிடியில் வயிறு பதியக் குனிந்து கூப்பிட்டார்.

"சாரே! ஷிஜு அடிக்கட்டா? ஒரு சம்மதம் மதி!"

கீழே வழுக்கைத் தலை ஒன்று அண்ணாந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. பதற்றம் வேறு. சம்மதத்தைக் கேட்டால் மனிதர் பாஸ்வேர்டையே கொடுத்துவிட்டார், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி.

"குஞ்சம்மா! கே மட்டும் பெரிசு! அப்பறம் எங்காத்து நம்பர்..."

முதல் எழுத்திலேயே ரோஸ் இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். அதுவும் போதாதென்று பாட ஆரம்பித்தார். முணுமுணுப்பு அல்ல. வாய்விட்டு, வார்த்தையோடு, சபையே எழுந்து நிற்கும் குரலில். அமைதிப் பலகைக்கு நேர் கீழே கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கீழே ஜவுளிக்கடையிலிருந்து யாரோ, "குஞ்சம்மா மாமி இஞ்ச வரல்லயே சாமீ!" என்று பதில் கொடுத்தார்கள். சிரிப்பு எழுந்தது. சார் எண்ணையும் சொல்லி முடித்து, "அடிக்கச் சொல்லு! கொழந்தைய எழுதச் சொல்லு!" என்று கத்தினார்.

ரோஸ் கண்ணைத் திறந்தார். காதை விடவில்லை. பாட்டின் நடுவில் என்னிடம் கேட்டார்: "தந்தாரா?"

"தந்துட்டார்" என்றேன். எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது.

ஹாலுக்குள் திரும்பி ஓடினோம். மங்கிய திரை இன்னும் காத்திருந்தது. ஷிஜு கைக்குட்டையை எடுத்துவிட்டு உட்கார்ந்தான். ஷிஜு வாயைத் திறக்கப் போவதில்லை, சொல்லவேண்டியதை எல்லாம் கட்டடமே கேட்டாயிற்று. இருந்தும் ரோஸ் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். மூச்சிரைப்புக்கு நடுவே முணுமுணுப்பு தொடங்கியது. ஷிஜு அடித்தான். அடித்து முடித்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டினான். அதுவரை அவன் அப்படித் தட்டியதில்லை. கறுப்பு ஜன்னல் வந்து, எழுதி, மூடிக்கொண்டது. திவ்யலட்சுமி உட்கார்ந்தாள். முதல் கேள்வி திறந்தது. அவள் உள்ளங்கை வியர்வையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மௌஸைத் தொட்டாள். கொஞ்ச நேரத்தில் ஷிஜுவின் திரையில், இனி யாரும் உள்ளே வர இயலாது என்று வந்தது.

சார் அதன் பிறகுதான் மேலே வந்து சேர்ந்தார். "எழுதறாளா?"

"எழுதுது சாரே. சாருக்க பாதி மாத்தணும்."

"இப்பவா?"

"பரீட்ச முடியட்டு."

சாயங்காலம் திவ்யலட்சுமி வித்துரா பஸ்ஸைப் பிடிக்க எல்லாருக்கும் முந்தி ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் ரோஸின் கையை ஒருமுறை பிடித்து விட்டுப் போனாள். ஹால் காலியானது. மூலை மெஷினில் ரோஸ் தன் பாதியை அடித்துவிட்டு எழுந்து, சுவருக்குத் திரும்பி, முணுமுணுக்கத் தொடங்கினார். சார் உட்கார்ந்தார். வழக்கம்போல வாயைத் திறந்தார். எங்களைப் பார்த்தார். மூடிக்கொண்டார். உதட்டைக் கடித்தபடி, முதல்முறையாகச் சத்தமே இல்லாமல், புதிய பாதியை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். முடித்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டதோ என்னவோ, யாரையும் பார்க்காமல் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மேசையைத் தட்ட மறந்துவிட்டார்.

திரை அட்மினிஸ்ட்ரேட்டராகவே திறந்து கிடந்தது. நாற்காலி காலி. அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் மாற்றலாம், எதையும் அழிக்கலாம், கேட்பாரில்லை. ஒரு கை தூரத்தில் ரோஸ் ஆணித்துளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாரின் செருப்புச் சத்தம் கீழ்ப்படியில் தேய்ந்து மறைந்தது. பஸ் ஸ்டாண்டில் யாரோ நெய்யாற்றின்கரைக்கு ஆள் கூப்பிட்டார்கள். ஷிஜு மேசையைத் தட்டக் கை நீட்டி, தட்டாமல் எடுத்துக்கொண்டான். பாட்டு கடைசிச் சரணத்துக்கு வந்து முடிந்தது. ரோஸ் கொஞ்சம் காத்திருந்தார். தட்டு கேட்கவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்கினார்.